பதிவேட்டில் உள்ள பெயர்: புத்தகமில்லாத வாகனம் வாங்க எண்ணும் மருமகனுக்கு

கண்டி

அன்புள்ள மருமகனுக்கு,

பதிவுச் சான்றிதழ் இல்லாத பழைய வாகனமொன்றை வாங்கலாமா என்ற கேள்விக்கு ஆம் என்பதும் இல்லை என்பதும் போதிய விடையாகா. ஏனெனில் கட்டுகஸ்தோட்டை வீதியிலும் திகனைப் பக்கத்திலும் உள்ள கார் சேல்களில் ‘புக் இல்லை’ என்று சொல்லப்படும் அந்த ஒரே வார்த்தைக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. சான்றிதழ் உண்மையாகவே தொலைந்திருக்கலாம். நிதிக் கம்பனியொன்றின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கலாம். அதில் பெயருள்ளவர் இறந்தோ கடல்கடந்தோ போயிருக்கலாம். அல்லது வாகனமே விற்பவருக்குச் சொந்தமில்லாததாக இருக்கலாம். இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறியும் முறையை விளக்குவதே இக்கடிதத்தின் நோக்கம். அதற்கு அடிப்படையாக நிற்கும் கருத்து ஒன்றுதான்: தொலைந்த தாளுக்கு மாற்றுத்தாள் பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது, பதிவில் பெயருள்ள ஆள் கிடைக்காவிட்டால் அந்த வழி அடைபட்டுப் போகிறது, ஆகவே வாங்குபவர் தேட வேண்டியது முதலில் தாளை அன்று, ஆளை.

இலங்கையில் வாகனப் பதிவை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களும் ஆகும். அச்சட்டத்தின்படி மோட்டார் போக்குவரத்து ஆணையாளர் நாயகத்தின் பொறுப்பில் பேணப்படும் பதிவேட்டில் ஒவ்வொரு வாகனத்தின் இலக்கம், வகை, தயாரிப்பு, எஞ்சின் இலக்கம், ‘செசி நம்பர்’ என்று வழங்கும் அடிச்சட்டக இலக்கம், உரிமையாளரின் பெயர், முகவரி ஆகியவை எழுதப்படுகின்றன. மக்கள் ‘சி.ஆர்.’ என்றும் ‘புக்’ என்றும் சொல்லும் பதிவுச் சான்றிதழ் அந்தப் பதிவிலிருந்து உரிமையாளரின் கையில் கொடுக்கப்படும் சாட்சியே தவிர, உரிமை பிறக்கும் இடம் அன்று. பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர் பிறக்காதவர் ஆகிவிடுவதில்லை என்பதைப் போலவே, சி.ஆர். தொலைந்த வாகனமும் பதிவில்லாத வாகனம் ஆகிவிடுவதில்லை. மூலப்பதிவு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் இருக்கும்வரை சான்றிதழின் இணைப்பிரதியைப் பெறலாம், ஆனால் அதைக் கேட்கும் தகுதி அப்பதிவில் பெயருள்ளவருக்கே உண்டு.

பதிவில் இருவகை உரிமையாளர்கள் குறிக்கப்படலாம் என்பதையும் இங்கே தெளிவாக்குவது அவசியம். வாகனத்தைத் தம் வசம் வைத்துப் பயன்படுத்துபவராகப் பதியப்பட்டவர் ‘பதிவு உரிமையாளர்’. குத்தகைக்கோ கடனுக்கோ பணம் கொடுத்து, அந்தக் கணக்குத் தீரும்வரை வாகனத்தின் மீது மேலான உரிமையை வைத்திருக்கும் வங்கியோ நிதிக் கம்பனியோ ‘முழு உரிமையாளர்’. லீசிங்கில் எடுக்கப்பட்ட முச்சக்கரவண்டியை ஓட்டுபவர் பதிவு உரிமையாளராக மட்டுமே இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழான குத்தகையில் பொருளின் சொத்துரிமை குத்தகைக்குக் கொடுத்த நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. எனவே பதிவு உரிமையாளரின் கையொப்பம் மட்டும் கிடைத்து முழு உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் கிடைக்காத விற்பனை பாதி விற்பனையாகக்கூட நிற்காது.

இதனோடு இலங்கையின் பொதுச்சட்டமாகிய உரோம டச்சுச் சட்டத்தின் கோட்பாடு ஒன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசையும் பொருளின் உரிமை, கைமாற்றும் எண்ணத்தோடு பொருளை ஒப்படைப்பதால் மாறுகிறது. ஆனால் தம்மிடம் இல்லாத உரிமையை எவரும் பிறருக்குக் கொடுத்துவிட முடியாது. இதன் விளைவாக, பதிவேட்டில் பெயருள்ளவர் ஒருவர், தாளை வைத்திருப்பவர் இன்னொருவர், சாவியை வைத்திருப்பவர் மூன்றாமவர் என்ற நிலை தோன்றிவிடுகிறது. மூவரும் தத்தம் அளவில் ஏதோ ஓர் உரிமையைச் சொல்லவும் கூடும். பெயர், தாள், சாவி ஆகிய மூன்றும் ஒரே கையில் இருக்கும் வாகனமே சிக்கலில்லாத வாகனம். மூன்றில் தாள் மட்டும் காணாமற்போயிருந்தால் அது அலுவலகங்களில் நின்று தீர்த்துக்கொள்ளக்கூடிய வேலை. பெயர் காணாமற்போயிருந்தால் அது வழக்காக மாறக்கூடிய விவகாரம்.

பெயர் காணாமற்போவதற்குப் பெரும்பாலும் காரணமாவது ‘ஓபன் பேப்பர்’ என்று அழைக்கப்படும் பழக்கம். உரிமை மாற்றத்தை அறிவிக்க விற்பவர் ஒப்பமிடும் படிவம் எம்.டி.ஏ. 6 என்றும், புதிய உரிமையாளராகத் தம்மைப் பதியக் கோரி வாங்குபவர் கொடுக்கும் படிவம் எம்.டி.ஏ. 8 என்றும் வழங்கப்படுகின்றன. விற்பவர் முதற்படிவத்தில் வாங்குபவரின் பெயரும் திகதியும் இல்லாமலே கையொப்பமிட்டு, அடையாள அட்டைப் பிரதியையும் சேர்த்துக் கொடுத்துவிட, அந்தத் தாள்கள் வாகனத்தோடு ஒரு கையிலிருந்து மறுகைக்குப் போய்க்கொண்டே இருப்பதுதான் ஓபன் பேப்பர் விற்பனை. இடையில் வந்தவர்கள் எவரும் பதிவில் ஏறுவதில்லை. கட்டணமும் அலைச்சலும் மிச்சம் என்று அவர்கள் கருதுகிறார்கள். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறக்கப்பட்டது. புதிய வாகனம் வராத அந்த ஐந்தாண்டுக் காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியதால், வாங்கி உடனே விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. அன்று ஒப்பமிடப்பட்ட தாள்களின் சுமையை இன்று வாங்குபவர்கள் தாங்குகிறார்கள்.

இப்பழக்கம் நீண்டகாலம் வெளியே தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆண்டுதோறும் பெற வேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்தை மாகாண நிர்வாகத்தின் கீழ்ப் பிரதேச செயலகங்கள் வழங்குகின்றன; அதற்குச் செல்லுபடியான காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால், பதிவு உரிமையாளர் நேரில் வராமலே அவருடைய பெயரில் அதைப் புதுப்பிக்க முடிகிறது. கங்கவட்ட கோறளையிலோ குண்டசாலையிலோ ஆண்டுக்கொரு முறை தடையின்றி அனுமதிப்பத்திரம் எடுத்துவந்தவர் தம் வாகனத்தில் குறையேதும் இல்லை என்றே நம்பிவிடுகிறார். வருமான அனுமதிப்பத்திரம் வாகனம் வீதியில் ஓட வரி செலுத்தப்பட்டது என்பதற்குச் சான்று. அதை வைத்திருப்பவருக்கு வாகனம் சொந்தம் என்பதற்கு அது சான்றாகாது. விற்பவர் ‘லைசன்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சரி’ என்று சொல்லும்போது அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் கேட்கப்பட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை.

குறை வெளிப்படுவது பெரும்பாலும் ஏதேனும் ஒரு நெருக்கடியில்தான். 2022 ஜூலையில் எரிபொருளுக்கு கியூஆர் முறை கொண்டுவரப்பட்டபோது, வாகன இலக்கத்தோடு அடிச்சட்டக இலக்கமும் திணைக்களத்தின் தரவோடு பொருந்தினால்தான் வாராந்த ஒதுக்கீடு கிடைத்தது. பதிவில் யாருடைய பெயர் இருக்கிறது, கையில் என்ன விபரம் இருக்கிறது என்ற கேள்விகளை அதுவரை கேட்டிராதவர்களும் அன்று கேட்டார்கள். 2024 ஜனவரி முதல் கொழும்பில் கமராக்களில் பதிவாகும் வீதிக் குற்றங்களுக்கான அறிவித்தல் பதிவு உரிமையாளரின் முகவரியை நாடிச் செல்கிறது. விபத்து நேர்ந்தாலும் பொலிஸார் முதலில் தேடிச் செல்வது பதிவிலுள்ள முகவரியைத்தான். கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதியில் இன்னோர் ஆபத்தும் கவனிக்கத்தக்கது: 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அனுமதியின்றி மரம் ஏற்றிய வாகனம் அரசுடைமையாக்கப்படக்கூடும், குற்றம் நிகழாமல் தடுக்கத் தாம் எடுத்த முன்னெச்சரிக்கைகளை நீதவான் முன் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு உரிமையாளருக்கே உண்டு. பெயர் பதிவில் ஏறாதவர் தாமே உரிமையாளர் என்பதை நிறுவிய பின்னர்தான் அந்த வாதத்தைத் தொடங்கவே முடியும்.

அண்டை நாட்டின் தீர்ப்பொன்று இங்கே கட்டுப்படுத்தாதாயினும் சிந்திக்கத்தக்கது. 2007இல் விற்கப்பட்டு, பதிவு மாற்றப்படாமலே பலர் கைமாறிய கார் ஒன்று 2009இல் விபத்துக்குள்ளாகி உயிரிழப்பு நேர்ந்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2018 பெப்ரவரியில் வழங்கிய தீர்ப்பு நட்டஈட்டுப் பொறுப்பைப் பதிவேட்டில் பெயர் நின்ற முதல் விற்பனையாளர் மீதே சுமத்தியது. வாகனம் கைமாறிக்கொண்டே போகும்போது யார் உண்மையான உரிமையாளர் என்று பாதிக்கப்பட்டவர் துருவித் தேட வேண்டிய நிலை வரக்கூடாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து. இதை விற்பவரின் முன் எடுத்து வைப்பது பயன் தரும். ஏனெனில் பெயர் மாற்றம் வாங்குபவரின் தேவை மட்டுமே என்று எண்ணி அலட்சியமாக இருக்கும் விற்பனையாளர், அது தம்மைக் காப்பதும் ஆகும் என்று உணர்ந்தால் அலுவலகத்துக்கு வரத் தயங்கமாட்டார்.

மருமகன் விலை பேசுவதற்கு முன்னரே செய்ய வேண்டிய முதல் வேலை, வாகனத்தையும் பதிவையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. எஞ்சின் இலக்கத்தையும் அடிச்சட்டக இலக்கத்தையும் விற்பவர் எழுதிக் கொடுத்த தாளிலிருந்து எடுக்காமல், வாகனத்திலேயே துடைத்துப் பார்த்துத் தம் கையால் குறித்துக்கொள்ள வேண்டும். இலக்கம் பொறிக்கப்பட்ட இடத்தில் தேய்ப்பு, புதிய வெல்டிங், மற்ற இடங்களுக்கு ஒவ்வாத பெயின்ற் ஆகியவை தென்பட்டால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுவதே அறிவு. அடுத்து, திணைக்களத்தில் வாகன இலக்கத்தைக் கொடுத்து, பதிவின் சாறு எனப்படும் சான்றுப்படுத்தப்பட்ட விபரத்தைப் பெற முடியும். அதில் பதிவு உரிமையாளர் யார், முழு உரிமையாளர் எவரேனும் உண்டா, எஞ்சின், அடிச்சட்டக இலக்கங்கள் பொருந்துகின்றனவா என்ற மூன்றையும் சரிபார்த்தல் வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டு அது பதிவில் திருத்தப்படாமலிருப்பது பழைய லொறிகளிலும் வேன்களிலும் சாதாரணம். அது குற்ற நோக்கமின்றியும் நடந்திருக்கலாம், ஆயினும் புதிய எஞ்சினை வாங்கிய பற்றுச்சீட்டோடு பழைய உரிமையாளரே அதைத் திருத்தித் தர வேண்டும். அடிச்சட்டக இலக்கம் பொருந்தாமற்போவதற்கு அத்தகைய எளிய விளக்கம் கிடையாது. அழிக்கப்பட்ட இலக்கங்களை பரிசோதித்து வெளிக்கொணரும் வல்லமை அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு உள்ளது என்பதால், இன்று மறைந்திருப்பது நாளை நீதிமன்றத்தில் மறைந்திராது.

சாறு கையில் வந்தபின் நிலைமையை வகைப்படுத்தலாம். முதல் வகை, பதிவு உரிமையாளரே விற்பவராக இருந்து, நிதி நிலுவையும் இல்லாமல், சி.ஆர். மட்டும் உண்மையில் தொலைந்திருப்பது. இது அஞ்சத்தக்கதன்று. உரிமையாளர் தாம் வசிக்கும் பகுதியின் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியைப் பெற வேண்டும். சான்றிதழ் தொலைந்த விதத்தையும் அது எவரிடமும் ஈடாக வைக்கப்படவில்லை என்பதையும் கூறும் சத்தியக்கடதாசியில் சமாதான நீதவான் முன் ஒப்பமிட வேண்டும். தேசிய அடையாள அட்டை, வருமான அனுமதிப்பத்திரம் முதலியவற்றோடு இணைப்பிரதி கோரி விண்ணப்பிக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் விற்பவரின் பெயரில், விற்பவரின் கையால் நடைபெற வேண்டியது. ‘நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், விலையில் குறைத்துத் தருகிறேன்’ என்று சொல்லப்பட்டால், குறைக்கப்படும் பணம் அலைச்சலுக்கான கூலியா, ஆபத்துக்கான விலையா என்று மருமகன் யோசிக்க வேண்டும். தாள் உண்மையில் தொலைந்தது என்றால் உரிமையாளருக்கு அதை மீளப் பெறுவதில் பெரிய தடை இல்லை. தடையில்லாத ஒன்றைச் செய்யாமல் விலையைக் குறைப்பவர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பதே அங்கு கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாம் வகை, சான்றிதழ் தொலையாமல் நிதிக் கம்பனியிடம் இருப்பது. நேர்மையான வழி எளிது: நிலுவை எவ்வளவு என்று கம்பனியிடமிருந்து எழுத்தில் பெற்று, வாங்குபவர் கொடுக்கும் விலையில் அந்தப் பங்கை விற்பவர் கையில் கொடுக்காமல் கம்பனியின் கணக்கிலேயே செலுத்தி, முழு உரிமையை விடுவிக்கும் கடிதத்தையும் மூல சி.ஆரையும் பெற்றுக்கொள்வது. சில தரகர்கள் சொல்லித்தரும் குறுக்குவழி வேறு. கம்பனியிடம் இருக்கும் சான்றிதழைத் தொலைந்ததாக முறைப்பாடு செய்து இணைப்பிரதி எடுக்கலாம் என்பார்கள். பதிவிலேயே முழு உரிமையாளரின் பெயர் இருக்கும்போது அது பலிக்காது. பதிவு செய்யப்படாத அடகுக் கடனாக இருந்து ஒருவேளை பலித்தாலும், பொலிஸுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததும் பொய்ச் சத்தியம் செய்ததும் தண்டனைக்குரிய குற்றங்களாகவே நிற்கும். அந்தக் குற்றத்தின் பயனாகப் பெற்ற வாகனத்தை அறிந்தே வாங்கியவர், தாம் எதிலும் ஒப்பமிடவில்லை என்று சொல்லித் தப்பிக்க எண்ணுவது நியாயமும் அன்று, பாதுகாப்பும் அன்று.

இவ்வகையில் கவனிக்க வேண்டிய ஒரு துணைநிலைமை, முழு உரிமையாளராகப் பதிவிலிருக்கும் கம்பனியே இல்லாமற்போயிருப்பது. இலங்கை மத்திய வங்கி 2020 மே மாதத்தில் த ஃபினான்ஸ் கம்பனியின் உரிமத்தையும் அதே ஆண்டு ஜூலையில் ஈ.டி.ஐ. ஃபினான்ஸ் நிறுவனத்தின் உரிமத்தையும் இரத்துச் செய்தது. இத்தகைய கம்பனியின் பெயர் பதிவில் நின்றால், கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது என்ற விற்பவரின் சொல் போதாது. நிறுவனத்தின் சொத்துகளைப் பொறுப்பேற்று நிற்பவர் யார் என்பதை மத்திய வங்கியிடம் எழுத்தில் கேட்டறிந்து, அவரிடமிருந்து விடுவிப்புக் கடிதம் பெறும் பொறுப்பை விற்பவரிடமே விட வேண்டும். கடிதம் வரும்வரை முற்பணம்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

மூன்றாம் வகை, பதிவு உரிமையாளர் இறந்துவிட்டிருப்பது. மகனோ மனைவியோ வாகனத்தை வைத்திருக்கிறார் என்பதால் மட்டும் விற்கும் உரிமை அவருக்கு முழுதாக வந்துவிடுவதில்லை. மற்ற வாரிசுகளுக்கும் பங்கு உண்டு. சொத்தின் அளவைப் பொறுத்து மாவட்ட நீதிமன்றத்தில் மரணித்தவரின் சொத்துக்கு நிருவாகியை நியமிக்கும் வழக்கு தேவைப்படலாம். அது தேவைப்படாத இடத்திலும் மரணச் சான்றிதழும் வாரிசுகள் அனைவரின் சம்மதமும் வேண்டும். இறந்தவர் உயிரோடிருந்தபோது ஒப்பமிட்டு வைத்த ஓபன் பேப்பர் இருக்கிறது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். ஒப்பமிட்டவர் இறந்தபின் அந்தத் தாளில் பிந்திய திகதியொன்றை எழுதுவது, இறந்தவர் கையொப்பமிட்டதாகக் காட்டுவதற்குச் சமம்; குடும்பத்தில் ஒரு வாரிசு மனம் மாறினாலே அந்தத் திகதி பொய்யென்று வெளிப்பட்டுவிடும். ஆகவே முதலில் வாரிசுகளின் பெயருக்குப் பதிவு மாறட்டும், பின்னர் அவர்களிடமிருந்து வாங்கலாம்.

நான்காம் வகை, உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பது. 1983க்குப் பின் கண்டியிலிருந்தும் தோட்டப்புறங்களிலிருந்தும் புலம்பெயர்ந்தவர்களின் பெயரிலும், அண்மைக்காலத்தில் வேலைக்காக மத்திய கிழக்கு சென்றவர்களின் பெயரிலும் வாகனங்கள் நிற்கின்றன. அவர்கள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோனித் தத்துவம் ஒன்றை எழுதி அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம். அற்றோனித் தத்துவம் என்பது ஒருவர் தம் சார்பில் செயற்படும் அதிகாரத்தை இன்னொருவருக்கு எழுத்தில் கொடுக்கும் பத்திரம். அது இந்த வாகனத்தை விற்கவும் பெயர் மாற்றவும் இணைப்பிரதி பெறவும் வெளிப்படையாக அதிகாரம் தருகிறதா, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கிறதா, கொடுத்தவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்ததும் அதன் வலு இல்லாமற்போய்விடும்.

கண்டிச் சூழலுக்கே உரிய ஐந்தாம் வகையும் உண்டு. 1972ஆம் ஆண்டினதும் 1975ஆம் ஆண்டினதும் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் தனியாரிடமிருந்தும் கம்பனிகளிடமிருந்தும் அரசிடம் வந்தன. 1992இல் அவற்றிற் பலவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. இத்தனை கைமாற்றங்களுக்கிடையில் தோட்டங்களின் லாண்ட் ரோவர்களும் டிராக்டர்களும் லொறிகளும் ஏலத்தில் போயின, இரும்பு விலைக்குப் போயின, சில எந்த எழுத்துமின்றி வெளியேறின. கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கங்களில் இத்தகைய பழைய வாகனம் விலைக்கு வந்தால், அதன் பதிவு முன்னொரு காலத்துக் கம்பனியின் பெயரில் நிற்கக்கூடும். ஏல அறிவித்தல், விற்பனைக் கடிதம், பணம் செலுத்திய பற்றுச்சீட்டு ஆகிய தொடர்ச்சி கையில் இருந்தால் அதை வைத்துத் திணைக்களத்திடம் முறையிடலாம். தொடர்ச்சி இல்லாவிட்டால், எவ்வளவு அழகாகப் பழுதுபார்க்கப்பட்டிருந்தாலும் அதைக் காட்சிப்பொருளாகக் கருதலாமே தவிர வாகனமாகக் கருத முடியாது.

எஞ்சியிருப்பது பெயருள்ளவரின் இருப்பிடமே தெரியாத வகை. இடையில் வந்தவர்கள் பலர். ஓபன் பேப்பரும் கசங்கிப் பழையதாகிவிட்டது, அல்லது அதுவும் இல்லை. இங்கே முயலத்தக்க ஒரே வழி, பதிவிலுள்ள முகவரியைக் கொண்டு அப்பகுதிக் கிராம உத்தியோகத்தர் மூலம் அவரையோ குடும்பத்தையோ தேடிச் சென்று, நடந்ததைச் சொல்லிப் புதிய ஒப்பம் பெறுவது. அந்த முயற்சியை விற்பவர் செய்யட்டும் என்று ஒரு தவணை கொடுக்கலாம். தவணைக்குள் ஆள் கிடைக்காவிட்டால் வாங்காமல் விடுவதே இக்கடிதம் தரும் ஆலோசனை. விலை பாதியாகத் தெரிந்தாலும், அப்படி வாங்கிய வாகனத்தை மருமகன் வங்கியில் ஈடு வைக்க முடியாது, விபத்துக்குப்பின் காப்புறுதி நிறுவனத்திடம் உறுதியாகக் கேட்க முடியாது, நியாய விலைக்கு விற்கவும் முடியாது. பொலிஸார் கைப்பற்றினால் நீதிமன்றத்திடமிருந்து விடுவித்துக்கொள்வதும் கடினம். பாதி விலை என்பது பாதி உரிமைக்கான விலையன்று, உரிமையின்மைக்கான விலை.

பிழையில்லாத வகையொன்றில் வாகனம் அமைந்து, வாங்குவது என்று முடிவானால், பணமும் தாளும் நகரும் வரிசையை மாற்றாமல் காப்பது முக்கியம். சிறு முற்பணத்துக்கு எழுத்து உடன்படிக்கை செய்து, அதில் வாகன இலக்கம், எஞ்சின் மற்றும் அடிச்சட்டக இலக்கங்கள், முழு விலை, இணைப்பிரதி பெறும் பொறுப்பு விற்பவருடையது என்பது, குறித்த நாளுக்குள் அது கிடைக்காவிட்டால் முற்பணம் திரும்பும் என்பது ஆகியவை எழுதப்பட வேண்டும். முற்பணத்தையும் மீதியையும் வங்கி வழியாகச் செலுத்தினால் அதுவே ஒரு சாட்சியாகும். இணைப்பிரதி வந்தபின் இருவரும் ஒரே நாளில் இரு படிவங்களையும் முழுமையாக நிரப்பி, அந்தச் சி.ஆர்., அடையாள அட்டைப் பிரதிகள் முதலியவற்றுடன் சமர்ப்பிக்க வேண்டும். 2025 முதல் வரி செலுத்துநர் அடையாள இலக்கமும் கேட்கப்படுவதால், மருமகன் அதை முன்கூட்டியே பெற்று வைத்திருப்பது நல்லது. எந்த வேலை கண்டி மாவட்ட அலுவலகத்தில் முடியும், எதற்கு நாரஹேன்பிட்டிக்கோ வெரஹெரைக்கோ போக வேண்டும் என்பதைத் தரகரிடம் கேளாமல் அலுவலகத்திலேயே கேட்டறிந்தால் ஒரு பயணமும் ஒரு தரகுப்பணமும் மிஞ்சும். மாகாணம் மாறினால் இலக்கத்தகடும் மாற வேண்டும் என்று சொல்லப்பட்டால் அது பழைய கதை; மாகாண எழுத்துகளைத் தகட்டில் இடும் முறை 2023 தொடக்கத்தோடு கைவிடப்பட்டது.

வாகனம் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு; பிந்தினால் தண்டம் உண்டு. பெயர் மாறும்வரை வாகனத்தை வாடகை ஓட்டத்துக்கு விடாமலிருப்பதும், காப்புறுதியைப் புதிய உரிமையாளரின் பெயருக்கு மாற்றிக்கொள்வதும் அதே அளவு அவசியமானவை. பழைய உரிமையாளரின் பெயரிலுள்ள மூன்றாம் தரப்புக் காப்புறுதி போதும் என்று எண்ணி ஹந்தானை ஏற்றத்திலோ கடுகண்ணாவை வளைவிலோ முச்சக்கரவண்டி ஓட்டுபவர், தம் சேமிப்பையும் பிறர் உயிரையும் ஒருசேரப் பணயம் வைக்கிறார்.

பெயர் பதிவில் ஏறியவுடன் வாங்குபவரின் அக்கறை முடிந்து உரிமையாளரின் கடமை தொடங்குகிறது. மருமகன் இந்த வாகனத்தை ஒருநாள் விற்பார். அன்று வாங்குபவர் நண்பராக இருப்பார், அல்லது அவசரக்காரராக இருப்பார், ‘ஒரு கையொப்பம் மட்டும் போட்டுத் தாருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றும் சொல்வார். மேலே விபரிக்கப்பட்ட காணாமற்போன உரிமையாளர்களில் பெரும்பாலோர் தீயவர்களல்லர். அந்த ஒரு வேண்டுகோளுக்கு மறுப்புச் சொல்லக் கூச்சப்பட்டவர்கள். வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதப்படாத படிவத்தில் ஒப்பமிடாமலிருப்பதும், கைமாற்றத்தைத் திணைக்களத்துக்குத் தாமே உடனடியாக அறிவித்து அதன் பிரதியைப் பத்திரப்படுத்துவதும் மருமகன் இன்றே ஏற்றுக்கொள்ள வேண்டிய வழக்கங்கள்.

சகல நலமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா